ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் பூட்டினேன்: காது நோகிறது, குரலும் விளங்கவில்லை

கேள்வி: நிலாவெளி ரெப்

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். பிஸ்கட் விநியோகிக்கும் ஓர் இடத்தில் ரெப்பாக இருக்கிறேன். கிழமையில் ஐந்து நாள் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கடை கடையாக ஏறி இறங்கிப் புல்மோட்டை வரை போய் வருவேன். வண்டி பல்சர் 150.

மனைவிக்கு இது எட்டாம் மாதம். போன மாதம் ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். ஏழு தரம் எனக்குக் கோல் எடுத்திருக்கிறாள். போன் காற்சட்டைப் பைக்குள் அதிர்ந்துகொண்டேதான் இருந்திருக்கும். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் காற்றில் போய்க்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குச்சவெளியில் ஒரு கடை வாசலில் நிறுத்திப் பில் புத்தகத்தை எடுக்கும்போதுதான் பார்த்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஸ்கேனும் எடுத்து முடிந்துவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஏழு மிஸ்ட் கோலையும் போனில் இருந்து இன்னும் அழிக்க மனம் வரவில்லை.

அதனால் கொழும்புக்குப் போன நண்பன் ஒருவனிடம் சொல்லி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஹெல்மெட் புளூடூத் செட் ஒன்று வாங்குவித்தேன். 5,500 ரூபா. இரண்டு மெல்லிய ஸ்பீக்கர், கம்பியில் நீளும் ஒரு மைக், பக்கத்தில் ஒட்டும் ஒரு பெட்டி. என்னுடையது முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், வாங்கி மூன்று வருடம். மெத்தையைக் கொஞ்சம் கிளப்பி நானே பூட்டினேன்.

நிலாவெளி போகும் முன்பே காது நோகத் தொடங்குகிறது. குச்சவெளியில் ஹெல்மெட்டைக் கழற்றினால் வலது காதுமடல் சூடு வைத்த மாதிரி எரிகிறது. அதைவிட எனக்குப் புதிராக இருப்பது இன்னொன்று. காலையில் புல்மோட்டைப் பக்கம் போகும்போது குரல் ஓரளவு கேட்கிறது. பின்னேரம் திரும்பி வரும்போது சத்தத்தை முழுதாகக் கூட்டினாலும் யாரோ தகரத்துக்குள் இருந்து கதைப்பது போல இருக்கிறது. அதே போன், அதே வேகம். பற்றரி குறைந்ததால் என்று நினைத்து மத்தியானம் சார்ஜ் போட்டும் பார்த்தேன், மாற்றம் இல்லை.

தெரிந்த பொடியன் ஒருவன், “உள்ளே இருக்கும் ரெஜிபோம் என்ற கெட்டி நுரையை பிளேட்டால் வட்டமாகக் குடைந்து ஸ்பீக்கரை இறக்கி, குளூ கன்னால் ஒட்டுங்கள், காது நோகாது” என்கிறான். செய்யலாமா? இல்லையென்றால் கடன்பட்டாவது சேனா, கார்டோ மாதிரி விலைகூடிய கம்பனி செட் ஒன்றுக்குப் போக வேண்டுமா? பிள்ளை பிறக்க இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது. அதற்குள் இதைச் சரிப்படுத்த வேண்டும்.


பதில்: மைக்செட் திருமலை

தம்பி, முதலில் பிளேட்டைக் கீழே வையுங்கள்.

நான் மைக்செட் வாடகைக்கு விட்ட ஆள். 28 வருடம் இந்த ஊரில் கோயில் திருவிழா, கல்யாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று ஹோர்ன் கட்டாத மரம் இல்லை. அதற்கு விலையாக இடது காது பாதி போய்விட்டது. இரவில் படுத்தால் அந்தக் காதுக்குள் சில்வண்டு கத்தும், விடியும் வரை நிற்காது. அதனால் காது விஷயம் என்றால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

வெளி ஓட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கிறதே, அந்த ரெஜிபோம்தான் ஹெல்மெட். ஓடு அடியைப் பரப்பிவிடும். ரெஜிபோம் நசுங்கி அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஒருதரம் நசுங்கினால் திரும்ப எழும்பாது. என் மருமகன் கன்னியா ரோட்டில் மணலில் சறுக்கி விழுந்தான். அவனுடைய ஹெல்மெட்டை இன்னும் வைத்திருக்கிறேன். வெளியே பார்த்தால் நகம் கீறியது போல ஒரு கோடு, அவ்வளவுதான். மெத்தையைக் கழற்றிப் பார்த்தால் காதுக்கு மேலே, என் பெருவிரல் முழுதாகப் பதியும் ஒரு குழி. அந்தக் குழி அவன் மண்டையில் விழுந்திருக்க வேண்டியது. நீங்கள் குடையப் போகும் இடமும் ஏறக்குறைய அதேதான். ஸ்பீக்கருக்காக 1 சென்றிமீற்றர் எடுத்தால், விழும் நாளில் அந்த 1 சென்றிமீற்றர் இருக்காது.

குளூ கன்னும் வேண்டாம், அந்தச் சூட்டில் ரெஜிபோம் உருகும். சுப்பர் குளூ, பெற்றோல், தின்னர் எதுவும் கிட்டப் போகக்கூடாது. ஒரு துண்டு ரெஜிபோமில் இரண்டு சொட்டு பெற்றோல் விட்டுப் பாருங்கள், கண் முன்னாலேயே கரைந்து ஓட்டையாகும்.

இனிக் காது நோவு. கன்ன மெத்தையை முழுதாகக் கழற்றுங்கள். கிளப்பிவிட்டு இடுக்கில் செருகினால் சரிவராது. பெரும்பாலும் இரண்டு மூன்று பிரஸ் பட்டனில்தான் நிற்கும், விளிம்பில் பிடித்து நேராக இழுத்தால் டக்கென்று கழன்றுவிடும். உள்ளே காதுக்கு நேராக ரெஜிபோமிலேயே வட்டமாக ஒரு பள்ளம் அச்சிலேயே விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் பல ஹெல்மெட்டில் இருக்கும். இந்த ஸ்பீக்கர்கள் பொதுவாக 40 மில்லிமீற்றர் அகலம், தடிப்பு 7 முதல் 10 மில்லிமீற்றர் வரை. பள்ளம் இருந்தால் அதற்குள் வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள், வேலை பாதி முடிந்தது. பள்ளம் இல்லையென்றால் மெத்தைக்குள் இருக்கும் ஸ்பொஞ்சில் மட்டும், ஸ்பீக்கர் அளவுக்கு ஒரு அடுக்கைக் கத்தரியுங்கள். தையலைப் பிரித்து, கத்தரித்து, திரும்பத் தைத்துவிடலாம். அப்படியும் காதுமடலை அழுத்தினால், அந்த ஹெல்மெட் இந்த வேலைக்குத் தோதில்லை. சேனா, கார்டோவுக்குக் கடன்பட நினைக்கும் காசில் ஒரு பங்கைப் போட்டுப் பள்ளம் உள்ள ஹெல்மெட் ஒன்றை வாங்குங்கள். அந்தக் கம்பனிகளின் சாமான் நல்லதுதான், மழைக்கும் நிற்கும். ஆனால் விலையில் பெரும்பகுதி, நாலைந்து வண்டி சேர்ந்து போகும்போது ஆளுக்காள் கதைக்கும் வசதிக்குத்தான் போகிறது. நீங்கள் தனியே போகிறவர்.

ஸ்பீக்கர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். காதுமடலுக்கு நேராக வைக்கிறார்கள். மடல் அல்ல, துளை. காதுத் துளைக்கு நேராக ஸ்பீக்கரின் நடு வர வேண்டும். ஒரு விரல் அகலம் பின்னால் போனாலும் ச, த, ப எல்லாம் மழுங்கிவிடும். சத்தம் இருக்கும், சொல் விளங்காது. நீங்கள் சொன்ன தகரம் அதுதான். நான் செய்யும் முறை இது: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டு, வாரையும் பூட்டுங்கள். சுட்டுவிரல் நுனியில் கொஞ்சம் குழைத்த சந்தனம் எடுத்து, தாடைப் பக்கத்தால் விரலை மேலே விட்டுக் காதுத் துளையைத் தேடுங்கள். துளையில் விரல் நின்றதும் அப்படியே வெளிப்பக்கமாகத் திருப்பி மெத்தையில் ஒருதரம் அழுத்துங்கள். கழற்றிப் பார்த்தால் பொட்டு வைத்தது போல அடையாளம் இருக்கும். வலது இடது இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பது குறைவு.

ஸ்பீக்கர் காதைத் தொடாமல், ஆனால் தொட்டுவிடும் கிட்டத்தில் நிற்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் பின்னால் ஒரு துண்டு ஸ்பொஞ்ச் வைத்து முன்னுக்குத் தள்ளுங்கள். வெளியில் ஹோர்ன் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று: தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் விழும். ஹெல்மெட்டுக்குள் அந்தக் கணக்கு அச்சொட்டாக வராது, ஆனால் போகும் திசை அதேதான். பொத்தானை அழுத்திக் கூட்டுவதைவிட அரை சென்றிமீற்றர் கிட்டக் கொண்டுவருவது நல்லது.

இனி உங்கள் புதிர். இப்போது கச்சான் காற்றுக் காலம் தம்பி. கச்சான் தென்மேற்கில் இருந்து அடிக்கிறது. காலையில் நீங்கள் வடக்கே போகிறீர்கள், காற்று இடது முதுகுப் பக்கமாக வந்து உங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது. பின்னேரம் தெற்கே வரும்போது அதே காற்று வலது முன்பக்கத்தால் முகத்தில் ஏறுகிறது. மீற்றரில் 60 என்று இருந்தாலும் ஹெல்மெட்டுக்குப் படும் காற்று அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதோடு பின்னேரத்தில்தான் கச்சான் மூர்க்கம். உங்கள் செட்டில் பழுது இல்லை. தாடைக்குக் கீழே இருக்கும் இடைவெளியால் காற்று உள்ளே போய் இரைகிறது, அந்த இரைச்சலுக்குள் குரல் மூழ்கிப்போகிறது. கழுத்தில் மெல்லிய துணிக் குழாய் ஒன்றைப் போட்டு, அதன் மேல் விளிம்பை ஹெல்மெட்டின் கீழ் விளிம்புக்குள் செருகிவிடுங்கள். கண்ணாடியையும் கடைசிக் கிளிக் வரை மூடுங்கள். வித்தியாசத்தை அன்றைக்கே காண்பீர்கள்.

சத்தத்தை முழுதாகக் கூட்டினேன் என்று எழுதியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அமெரிக்காவில் தொழிலாளர் சுகாதாரத்தை ஆராயும் நியோஷ் நிறுவனம் 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணித்தியாலம், 100 என்றால் கால் மணித்தியாலம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்று மட்டுமே 95 டெசிபலைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஸ்பீக்கரையும் கூட்டினால் காது எங்கே போகும்? எனக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும்.


பதில்: கிண்ணியா டியோ

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கிண்ணியாவில் இருந்து டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன், டியோவில். ஸ்கார்ஃபுக்கு மேலே ஹெல்மெட் போடுகிறவள், முகம் திறந்த வகை. ஐயா சொன்ன சந்தன அடையாளத்தை ஸ்கார்ஃப் போட்டபடியே வைக்க வேண்டும் என்று மற்றச் சகோதரிகளுக்காக எழுதுகிறேன். துணி இரண்டு மடிப்பு வந்தால் காது கொஞ்சம் அமர்ந்துவிடும், இடம் மாறும். ஊசியும் காதுப் பக்கம் வரக்கூடாது. எனக்கு ஒருநாள் ஸ்பீக்கரின் வயரைக் குத்தி அறுத்துவிட்டது.

தம்பி மைக்கைப் பற்றி எழுதவில்லை. ஸ்பீக்கர் சரியானாலும் உங்கள் குரல் மனைவிக்குக் கேட்க வேண்டுமே. கம்பி மைக் என்னைப் போல முகம் திறந்த ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு. முகம் மூடிய ஹெல்மெட்டுக்குப் பட்டன் மாதிரி சின்ன மைக்தான் தோது, தாடைப் பகுதியின் உட்பக்கம் வாய்க்கு நேரே ஒட்டலாம். உங்கள் பெட்டிக்குள் அது இல்லையென்றால் கம்பியை வளைத்து உதட்டின் ஓரத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். மைக்குக்குக் காது உள்ள பக்கம் ஒன்று, இல்லாத பக்கம் ஒன்று. என்னுடையதில் ஒரு பக்கம் சின்ன அம்புக்குறி இருந்தது, அது வாயைப் பார்க்க வேண்டும். நான் மூன்று மாதம் மறுபக்கம் திருப்பிவைத்துக்கொண்டு கத்தியிருக்கிறேன்.

மைக்கின் பஞ்சு உறையைத் தொலைக்காதீர்கள். கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் அந்த 400 மீற்றரும் கடல் காற்றுத்தான். பஞ்சு கழன்று விழுந்த கிழமை உம்மாவுக்கு என் குரலே போகவில்லை, “ஏன் புள்ள புயலுக்குள்ள நிக்கிறியா” என்று கேட்டார். அத்தோடு நம் ஊர் உப்புக் காற்றில் சார்ஜ் போடும் துளை பச்சை பிடித்துவிடும். ரப்பர் மூடியை எப்போதும் மூடிவையுங்கள்.


பதில்: கந்தளாய் ரோட்டு

நான் மீன் லொறிகளுக்கு முன்னால் பைக்கில் ஹபரணை வரை போய்வருகிற ஆள், அதிகாலை 3 மணிக்கு. கல்லோயாச் சந்திக்கு அங்கால் யானை ரோட்டைக் கடக்கும். லைட் வெளிச்சத்தில் யானை தெரிவதற்கு முன் கொப்பு முறியும் சத்தம் கேட்கும். இரண்டு தரம் அந்தச் சத்தம்தான் என்னை பிரேக் பிடிக்க வைத்தது. அதனால் நான் இடது காதுக்கு மட்டும் ஸ்பீக்கர் பூட்டி, வலதைக் கழற்றிவிட்டேன். பாட்டுக் கேட்பதில்லை. கோல் வந்தால் நிறுத்திவிட்டுத்தான் கதைப்பேன்.

புல்மோட்டை ரோட்டில் யானைப் பயம் இவ்வளவு இல்லாவிட்டாலும், மாடு குறுக்கே வரும். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பதும் கேட்க வேண்டும். உங்களுக்குத் தேவை ஓர் ஆளின் கோல். போனில் தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பைப் போட்டு, மனைவியின் இலக்கத்துக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் இலக்கத்துக்கும் மட்டும் வழி விடுங்கள். கடைக்காரர்களின் கோல் எல்லாம் நிறுத்தும்போது பார்க்கலாம். ஹெல்மெட்டில் மணி அடித்தால் அது வீட்டில் இருந்துதான் என்று அப்போதே தெரியும்.


நிலாவெளி ரெப்

அண்ணன், அக்கா, கந்தளாய் ரோட்டு அண்ணன், மூன்று பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதோடுதான் இருந்தேன்.

மெத்தையைக் கழற்றினேன். பள்ளம் இருக்கிறது! மூன்று வருடமாகத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்தும் தெரியாது. நான் ஸ்பீக்கரை மெத்தைக்கும் துணிக்கும் நடுவில் செருகி வைத்திருந்தேன், பள்ளம் அதற்குப் பின்னால் சும்மா கிடந்திருக்கிறது. சந்தனத்தை மனைவிதான் குழைத்துத் தந்தாள். அடையாளத்தைப் பார்த்தால் என் ஸ்பீக்கர் இரண்டும் ஒன்றரை விரல் பின்னால் நின்றிருக்கிறது. வலது காது இடதைவிடக் கொஞ்சம் கீழே. பள்ளத்துக்குள் வைத்து, பின்னால் பாத்திரம் கழுவும் புதுப் பஞ்சில் ஒரு மெல்லிய துண்டு வெட்டி வைத்தேன்.

திங்கள் பின்னேரம் புல்மோட்டையில் இருந்து வரும்போது சரியான கச்சான். யான் ஓயாப் பக்கம் மணல் பறந்தது. கழுத்துத் துணியைச் செருகியிருந்தேன். இறக்கக்கண்டிப் பாலத்தில் வைத்து மணி அடித்தது. ஓரம் கட்டி எடுத்தேன். “வரும்போது இரண்டு இளநீர்” என்றாள். சத்தத்தைப் பாதியில் வைத்தே ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இளநீரைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும் வழியெல்லாம் எனக்குக் கண் கலங்கியபடிதான் இருந்தது.

காது நோவு முக்கால்வாசி போய்விட்டது. வலது பக்கம் மட்டும் குச்சவெளிக்குப் பிறகு கொஞ்சம் உறுத்துகிறது. இன்னொன்று, வெளியே ஒட்டும் பெட்டி ஒருதரம் கழன்று வயரில் தொங்கியது. குளூ கன் கூடாதென்றால் எதனால் ஒட்டுவது?


மைக்செட் திருமலை

தம்பி, வாசித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

பெட்டிக்குக் கவ்வும் கிளிப் வந்திருந்தால் அதையே போடுங்கள், ஓட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகித் திருகலாம். இல்லையென்றால் 3எம் கம்பனியின் விஎச்பி என்ற தடித்த டபுள் டேப். ஹார்ட்வெயார் கடையில் கேளுங்கள். சாதாரண டபுள் டேப் இந்த வெயிலுக்கு இளகிவிடும். ஒட்டும் இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் சேர்ஜிகல் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருதரம் துடையுங்கள். இடது பக்கம் ஒட்டுங்கள், வலது கை அக்சிலேட்டரை விடக்கூடாது. ஒரு நிமிடம் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பசை முழுப் பலத்துக்கு வர 72 மணித்தியாலம் எடுக்கும். வெள்ளி இரவு ஒட்டினால் திங்கள் இரவு வரை அதில் பாரம் தொங்கவிடாதீர்கள், திங்கள் ஒருநாள் வேறு ஹெல்மெட்டில் போங்கள். கடைக்குள் ஏறும்போது ஹெல்மெட்டை டாங்கின் மேல் வெயிலில் வைக்காமல் கையோடு கொண்டுபோங்கள், பற்றரிக்கு அந்தச் சூடு ஆகாது.

வலது பக்க உறுத்தலுக்குப் பஞ்சுத் துண்டு தடிப்பாக இருக்கும். பாதியாகக் கிழித்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஹெல்மெட்டைக் கொண்டு வாருங்கள், உவர்மலையில்தான் இருக்கிறேன். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது, மெத்தையைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முன் கோயிலுக்குப் போய்விடுவேன்.


நிலாவெளி ரெப்

பஞ்சைக் கிழித்துப் போட்டுப் பார்த்தேன் அண்ணன், இன்று குச்சவெளி வரை நோவில்லை. டேப் வாங்கிவிட்டேன். ஆனாலும் சனிக்கிழமை வருகிறேன், மனைவியும் வருகிறாள். சந்தன யோசனை சொன்னவரைப் பார்க்க வேண்டுமாம். பைக்கில் அல்ல, ஓட்டோவில்தான்.